ஏலமும் இடமும்

பெங்களூரில் 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூடிய ஐ.பி.எல். ஏலத்தில், அடிப்படை விலையாக 10 இலட்சம் ரூபாயே குறிக்கப்பட்டிருந்த ஓர் இளைஞரை, சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் தறித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, ஊர்ப் பொட்டல்களில் டென்னிஸ் பந்தாடி வளர்ந்த தங்கராசு நடராஜனை, பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். தகுதிக்குக் கிடைத்த வெகுமானம் என்றும் சொல்லலாம். இரண்டு அபிப்பிராயங்களும் ஏலம் போனவரைப் பார்க்கின்றனவே தவிர, ஏலம் என்ற முறையைப் பரிசீலிப்பதில்லை.

முறையின் பெருமையை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பழைய சம்பிரதாயப்படி, சேலம், நாமக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் கவனம் பெற விரும்பினால், சென்னைக்குப் போய்க் கீழ் டிவிஷன் லீக்கில் தொடங்கி, படிப்படியாக ஏறி, தேர்வாளர் கண்ணில் படும் சந்தர்ப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டும். நடராஜனும் தம் ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷின் தூண்டுதலால் அவ்வழியே சென்றவர்தாம்; 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் நுழைந்த அவர், நுழைந்த உடனேயே, பந்துவீசும் முறை ஐயத்துக்குரியது என்ற புகாருக்கு ஆளாகி, கையின் அசைவையே திருத்திப் பழக வேண்டியவரானார். இப்படி வழுக்கியவருக்கு இரண்டாம் பரீட்சை வாய்ப்பது அபூர்வம். 2016இல் பிறந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) அந்தப் பரீட்சையை ஊரறிய நடத்திற்று. திண்டுக்கல் அணிக்காகத் தூத்துக்குடி அணியை எதிர்த்து வீசிய சூப்பர் ஓவரில், ஆறு பந்துகளையும் அவர் யார்க்கராக, அதாவது மட்டையாளரின் காலடியில் விழும்படி, இறக்கினார். பழைய ஏணி ஆண்டுக்கணக்கில் செய்யத் தயங்கிய காரியத்தை, அந்த ஓர் ஓவரை நம்பிய ஏலம் ஒரே நாளில் செய்து முடித்தது.

அந்த நம்பிக்கை மூடத்தனமானதும் அன்று. கிராமத்து டென்னிஸ் பந்து ஆட்டத்தில் ஓவர்கள் சொற்பம். வருகிற பந்தையெல்லாம் தூக்கி அடிப்பதே மட்டையாளனின் சுபாவம். ஆகையால் அவன் கால் விரலுக்கு அடியில் பந்தை இறக்குவதைத் தவிர வீசுகிறவனுக்கு வேறு புகலிடம் இல்லை. இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை பழகிப் பதிந்த கை, ஆளைப் பார்த்தோ ஆடுகளத்தைப் பார்த்தோ எளிதில் மாறுவதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்தில் இளைஞர்களைப் பொறுக்கி எடுப்பவர்கள், கல்லூரியில் ஒருவன் தூரத்திலிருந்து போட்ட மூன்று புள்ளிக் கூடைகளின் சதவீதத்தை மட்டும் நம்பாமல், தடுப்பார் எவருமின்றி 15 அடி தூரத்திலிருந்து எறியும் ஃப்ரீ த்ரோவின் சதவீதத்தையும் பார்ப்பது இந்தக் காரணத்தால்தான்: முன்னதில் சந்தர்ப்பமும் எதிராளியும் கலந்திருக்க, பின்னதில் கை மட்டும் தெரிகிறது.

ஆனால் கை தெரிவதோடு காரியம் தீர்ந்துவிடுவதில்லை. தோஷம் இங்கேதான் ஆரம்பமாகிறது. திருச்செங்கோட்டு மஞ்சள் ஏலத்தில் விரலியை ஒடித்துப் பார்த்து விலை சொல்லும் வியாபாரி ஈரோட்டுக்காரராக இருந்தாலும் வடநாட்டுக்காரராக இருந்தாலும், மூட்டைக்குள் இருக்கும் மஞ்சளின் தரம் மாறப்போவதில்லை. பந்துவீச்சாளரின் தரமோ, வாங்கியவர் எந்த ஓவரை அவரிடம் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தே பாதி நிர்ணயமாகிறது. பஞ்சாபில் அவர் ஆடிய 6 ஆட்டங்களில் விக்கெட் இரண்டே. மறு ஆண்டு 40 இலட்சத்துக்கு எடுத்த ஹைதராபாத் அணி அவரை இரண்டு பருவங்கள் களமிறக்காமல் வைத்திருந்தது. எனினும் அங்கே பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தவர் தமிழில் பேசக்கூடிய முத்தையா முரளிதரன். 2020இல் புவனேஷ்வர் குமார் காயமுற்று விலக, நடு ஓவர்களை ரஷீத் கான் காத்துக்கொள்ள, கடைசி ஓவர்கள் நடராஜனுக்கு வந்தன. 16 ஆட்டங்களில் 16 விக்கெட், அவற்றுள் ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரும் ஒன்று. வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றவர், ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூவரை வீழ்த்தினார். 2017க்கும் 2020க்கும் இடையில் அனுபவம் முதிர்ந்தது மெய். ஆயினும் யார்க்கர் புதிதாகக் கற்றதன்று, அதற்குரிய இடமே புதிது.

2024 ஏப்ரலில் டெல்லி அணியை எதிர்த்து 19 ரன்களுக்கு 4 விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு நவம்பரில், ஜெட்டா ஏலத்தில், டெல்லியே அவரை 10.75 கோடிக்கு வாங்கிற்று. அதே ஏலத்தில் அவரைப் போலவே இடக்கை வேகப் பந்துவீச்சாளரான மிட்செல் ஸ்டார்க்கையும் 11.75 கோடிக்கு அது வாங்கியிருந்தது. விளைவு, 2025 பருவத்தில் நடராஜன் ஆடியவை மிகச் சில ஆட்டங்களே. இரண்டு பேர் போட்டியிட்டால் விலை ஏறும்; ஏறிய விலையில் போட்டியிட்டவர்களின் அச்சம் பதிவாகுமேயன்றி, வாங்கிய பின் அவரை எங்கே நிறுத்துவது என்ற யோசனை பதிவாகாது.

டி.என்.பி.எல்.லும் அணிகள் முறை வைத்து வீரர்களை எடுத்துக்கொண்ட பழைய ஏற்பாட்டை விட்டு, 2023இல் ஏலத்துக்கு மாறிவிட்டது. இளைஞர்களைப் பொறுத்தவரை இதைப் பின்னடைவு என்றே கருதுகிறேன். முறை வைத்து எடுக்கும்போது, தனக்குக் கிடைக்கும் ஒரு முறையை வீணாக்கிவிடக் கூடாதே என்ற நிர்ப்பந்தமாவது அணிக்கு உண்டு. ஏலத்திலோ விலை போட்டியைப் பொறுத்தே ஏறுகிறது: அந்த முதல் ஏலத்தில் கோவை அணி மட்டையாளர் சாய் சுதர்சனுக்குக் கொடுத்தது 21.6 இலட்சம், அதே ஆண்டு ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் 96 ரன் குவித்த அவருக்குக் குஜராத் அணியில் சம்பளம் 20 இலட்சம். சேலம் மாவட்டத்து வாழப்பாடி மைதானத்திலும், சின்னப்பம்பட்டியில் நடராஜன் 2023இல் அமைத்த மைதானத்திலும் பையன்களைப் பார்க்க வருகிற தேர்வாளர், எத்தனை யார்க்கர் விழுந்தன என்று குறித்துக்கொள்ளும் நோட்டிலேயே, தம் அணியில் எந்த ஓவரை அவனுக்குக் கொடுப்போம் என்பதையும் எழுதிவிட்டு ஏலத்துக்குப் போகட்டும். எழுத முடியாத பெயருக்குக் கை தூக்காதிருந்தால், அந்தப் பையனை வேறோர் அணி குறைந்த விலைக்கேனும் எடுத்துக் களத்தில் இறக்கக்கூடும்.