ஆட்டம் நின்றால் போதுமா?

பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் பக்கத்து மெக்கானிக் பட்டறைகளில் ‘அண்ணாச்சி, ஹேண்டில் ஆடுது’ என்பது பழகிப்போன புகார். இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. தேய்ந்த ரப்பர் புஷ்ஷைக் கழற்றிவிட்டுப் புது ரப்பர் போடுவது ஒன்று. நைலான் ராடை லேத்தில் கடைந்து, அதே வடிவில் புஷ் செய்து மாட்டுவது இன்னொன்று. பஞ்சாலையும் தீப்பெட்டி ஆலையும் உள்ள கோவில்பட்டி வட்டாரத்தில் லேத்துக்குப் பஞ்சமில்லை. ‘நைலான் போட்டா ஆயுசுக்கும் தொல்லையில்ல’ என்ற பேச்சு எளிதில் எடுபடுகிறது. அதில் உண்மை எவ்வளவு?

பல 100 சிசி வண்டிகளில் ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு நேரடியாக முடுக்கிவிடுவதில்லை. ஹேண்டிலைக் கவ்வும் இரண்டு கிளாம்புகளின் கால்களும், ஃபோர்க் குழாய்களை மேலே இணைக்கும் ‘டி’யின் துளைகளுக்குள் இறங்குகின்றன. துளைக்கு மேலும் கீழும் ரப்பர் புஷ், நடுவில் ஓர் இரும்புக் குழல், அடியில் வாஷரும் நட்டும். வண்டிக்கு வண்டி இந்த அமைப்பு சற்று மாறும். நட்டை முடுக்கும்போது அது குழலில் முட்டி நின்றுவிடும். ரப்பர் அளவுக்கு மேல் நசுங்காது. ஹேண்டிலை இடத்தில் நிறுத்துவது குழலும் ரப்பரும் சேர்ந்து. அதிர்வைத் தடுப்பது ரப்பர் மட்டும்.

இந்த ரப்பருக்குக் கரிசல் காடு எளிய இடமல்ல. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலை, அடித்தளம் சரியில்லையென்றால், சில மழைக்காலத்துக்குள் அலை அலையாகிவிடும். போதாக்குறைக்கு ஹேண்டிலின் இரு பக்கமும் தண்ணீர்க் குடம் தொங்கும். நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று பதினைந்து கிலோவை நெருங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கனம் ஹேண்டிலை முன்னுக்கும் பின்னுக்கும் நெம்பும். வெயிலில் இறுகி வெடிப்பு விட்ட ரப்பர் இதற்கு எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே நைலானை நாடுவதற்கு நியாயம் இருக்கிறது. அது எளிதில் நசுங்காது, வெயிலுக்கு ரப்பரைப் போல வெடிக்காது. அதைவிடப் பெரிய நியாயம் ஒன்றுண்டு. ஆடும் ஹேண்டிலோடு நெடுநாள் ஓட்டினால் ‘டி’யின் துளையே அகன்றுவிடும். கம்பெனி புஷ் பழைய அளவுக்குச் செய்தது. அகன்ற துளையில் அது தொளதொளவென்று கிடக்கும். லேத்காரர் வெர்னியரால் துளையை அளந்து, அதற்கேற்பக் கடைந்து தருகிறார். கடையில் ரெடிமேடாகக் கிடைக்காத பொருத்தம் இது. சாமான் வருவது நின்றுபோன பழைய மாடல்களுக்கு வேறு வழியும் இல்லை.

நைலானின் குறை, வண்டி ரோட்டில் ஏறிய பிறகு தெரியும். சிறிய ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் அதிர்வைச் சமன்செய்யும் பாலன்சர் கிடையாது. நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் எஞ்சின் நொடிக்கு 83 தடவை வண்டியை உலுக்குகிறது. அந்த வேகமான நடுக்கத்தை ரப்பர் பெருமளவு விழுங்கும். நைலான் அப்படியே உள்ளங்கைக்கு அனுப்பும். எட்டயபுரம், குறுக்குச்சாலை வழியாகத் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகிறவர் நாற்கரச் சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரியும்; போய் இறங்கும்போது விரல்கள் மரத்திருக்கும். இன்னொன்று: நைலான் இடைவிடாத அழுத்தத்தில் மெல்ல அமுங்கும். நடுவில் இரும்புக் குழல் இல்லாமல் நைலானை மட்டும் வைத்து முடுக்கினால் சில மாதத்தில் நட்டின் பிடி தளர்ந்து, எந்த ஆட்டத்துக்காகச் செலவழித்தோமோ அதே ஆட்டம் திரும்பும்.

இத்தனை குறையோடும் இந்த வழக்கம் நிலைப்பதற்குக் காரணம், வேலையைச் சோதிக்கும் முறைதான். எஞ்சினை அணைத்து, நின்ற வண்டியின் ஹேண்டிலைப் பிடித்து உலுக்குகிறோம். ஆட்டம் இல்லையென்றால் வேலை முடிந்தது. இந்தச் சோதனையில் நைலான் எப்போதும் ஜெயிக்கும். மிருதுவான புது ரப்பர் லேசாக நெகிழ்ந்து சந்தேகத்தைக் கிளப்பும். ஆட்டம் பட்டறையிலேயே கைக்குத் தெரிகிறது. அதிர்வு முப்பது கிலோமீட்டர் தாண்டித் தெரிகிறது. அப்போது பக்கத்தில் மெக்கானிக் இல்லை. ஃபோர்க் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன் செட்டின் தேய்மானத்தையும் புஷ் தேய்மானத்தையும் குழப்பிக்கொள்வதும் இந்த அவசரச் சோதனையால்தான். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து அசைத்தால் தட்டுவது கோன் செட். சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு அசைக்கும்போது ‘டி’ அசையாமல் ஹேண்டில் மட்டும் அசைந்தால் அது புஷ்.

ரப்பர் கட்சியும் குறையற்றதல்ல. டூப்ளிகேட் ரப்பரின் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. காசை மிச்சம் பிடிக்க நாலில் இரண்டை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதும் பாரத்தைச் சமமாகத் தாங்காமல் புதியதும் சீக்கிரம் கெடும். துருப்பிடித்துத் தேய்ந்து குட்டையான பழைய குழலையே திரும்பப் போட்டால் நட்டு முட்ட இடமின்றி ரப்பரை நசுக்கிவிடும். ‘ரப்பர் போட்டேன், மூணு மாசம்கூட நிக்கல’ என்ற புலம்பலுக்குப் பின்னால் இப்படியொரு குழலும் இருக்கலாம்.

பிடிப்பும் மென்மையும் ஒன்றாக வேண்டும் என்ற சிக்கல் உலகத்துக்குப் புதிதல்ல. 1967-இல் பிரிட்டனில் அறிமுகமான நார்ட்டன் கமாண்டோ, எஞ்சினையே ரப்பரில் உட்கார வைத்தது. மேல்கீழ் அதிர்வை ரப்பரிடம் விட்டு, பக்கவாட்டு ஆட்டத்தை மெல்லிய தகடுகளால் இடைவெளி குறைத்துக் கட்டுப்படுத்தினார்கள். இடைவெளி தேய்ந்து அகன்றால் வண்டி அலையத் தொடங்கும்; மறுபடி தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். மென்மைக்கு ஒரு பொருள், அளவுக்கு இன்னொரு பொருள் என்று வேலையைப் பிரித்ததுதான் அதன் சூட்சுமம்.

நம் லேத்துக்கும் அந்தப் பிரிவினை பொருந்தும். ரப்பருக்குப் பதிலாக நைலானைக் கடைவதைவிட, சரியான நீளத்துக்கு இரும்புக் குழலையும், அகன்ற துளையை அடைக்க மெல்லிய உலோக வளையத்தையும் கடையலாம். ரப்பர் நாலையும் நல்லதாக வாங்கிப் போடலாம். ஊருக்கும் காட்டுக்கும் குடமும் தீவனமும் சுமந்து மெதுவாகப் போய்வரும் வண்டிக்கு, குழலோடு சேர்த்துப் போட்ட நைலான் தாராளமாகப் போதும். தினமும் தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ ஓடும் வண்டிக்கு அது தண்டனை. எனவே ஸ்பானரை எடுக்குமுன் மெக்கானிக் கேட்க வேண்டியது, ‘வண்டி எங்க ஓடுது?’ என்பதைத்தான். வேலை முடிந்தபின் உலுக்கிப் பார்ப்பதோடு விடாமல், எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரைத் திருக்கி, ஹேண்டிலைச் சற்று நேரம் பிடித்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கட்டும்.