நிசேயா விசுவாச அறிக்கையின் தமிழ்ச் சொல்லாட்சி: ‘பொருள்’, ‘தன்மை’ – ஓர் ஒப்பாய்வு

பெருமுக்கல் உள்ளிட்ட திண்டிவனம் வட்டாரத்தில் இரு திருச்சபை மரபுகள் வேரூன்றியுள்ளன. ஒன்று, புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்த கத்தோலிக்க மரபு. மற்றொன்று, ஆர்க்காடு மிஷன் வழிவந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த சீர்திருத்த மரபு. நிசேயா அறிக்கையை இரண்டுமே ஏற்கின்றன. ஆனால் அதன் மையச் சொல்லை முன்னது ‘ஒரே பொருள்’ என்றும் பின்னது ‘ஒரே தன்மை’ என்றும் தமிழாக்கியுள்ளன. இவ்வேறுபாடு மொழிநடை சார்ந்ததன்று, இறையியல் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் கூட்டிய நிசேயா சங்கம், மகன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுசின் கொள்கையை மறுத்தது. அதற்கு அது கையாண்ட ‘ஹோமோஊசியோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் விவிலியத்தில் இல்லாதது. மகன் படைப்பே எனில் மனிதனை மீட்பது இன்னொரு படைப்பே என்றாகிவிடும். அத்தனாசியுசின் வாதம் இதனையே சுற்றி நிற்கிறது. அச்சொல்லுக்கு அன்றே இருவகை எதிர்ப்பு எழுந்தது. தந்தையும் மகனும் ஒருவரே என்ற மயக்கத்தைத் தரும் என்றனர் சிலர். இறைவனைப் பகுக்கத்தக்க சடப்பொருளாக்கும் என்றனர் வேறு சிலர்.

‘ஊசியா’ அரிஸ்டாட்டிலின் பத்துப் பாகுபாடுகளுள் முதலாவது. நன்னூலார் கூறும் பொருளாதி ஆறனுள்ளும் பொருளே முதல். குணம் வேறாக எண்ணப்படுகிறது. இவ்வொப்புமையைக் கொண்டு தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் தமிழ் இலக்கண மரபறிந்தவர்க்குப் ‘பொருள்’ என்பது குணங்களைத் தாங்கி நிற்பதைச் சுட்டும். ‘தன்மை’யோ குணத்தின் பக்கம் சாய்கிறது. தன் + மை எனப் பகுத்துத் ‘தானாயிருத்தல்’ என விளக்க இடமுண்டு. வழக்கு அதற்குத் துணைநிற்கவில்லை. இருவர் ஒரே தன்மையுடையவராக இருந்தும் இருவராகவே நிற்கலாம். ‘பொருள்’ எனும் சொல்லுக்கும் இடர் உண்டு: சந்தைப் பண்டத்தையும் அதுவே குறிக்கும், ‘ஒரே பொருள்’ என்பது ஆள்வேறுபாட்டை அழிப்பதாகவும் கேட்கும். நான்காம் நூற்றாண்டின் பழைய எதிர்ப்புகள் தமிழில் இவ்வாறு மீண்டும் தலைகாட்டுகின்றன.

இதனினும் நுண்ணியது வினைச்சொற்களின் வேறுபாடு. கிரேக்க மூலத்தில் ‘பிறப்பிக்கப்பட்டவர்’, ‘உண்டாக்கப்பட்டவர்’ என்னும் இரண்டும் செயப்பாட்டு வடிவங்களே. வேற்றுமை வினையடியில் மட்டும் உள்ளது. சீர்திருத்த மரபின் ‘ஜெநிப்பிக்கப்பட்டவர்’, ‘சிருஷ்டிக்கப்பட்டவர்’ என்னும் சொற்கள் இந்நிலையை அப்படியே காக்கின்றன. கத்தோலிக்கப் பாடமோ ‘உதித்தவர்’ எனத் தன்வினையையும், ‘உண்டாக்கப்பட்டவர்’ எனச் செயப்பாட்டு வினையையும் எதிரெதிராக நிறுத்துகிறது. மூலம் சொல்லடியில் வைத்த வேற்றுமையைத் தமிழ், வினையின் வடிவிலும் ஏற்றிவிட்டது. ஆரியுசுக்கு இதனினும் கூர்மையான மறுப்பு அரிது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. உதித்தலில் தந்தையின் செயல் மறைகிறது. கதிரவன் தானே உதிப்பதுபோல மகனும் தானே தோன்றியவர் எனக் கொள்ள வழி பிறக்கிறது. ‘ஒளியினின்று ஒளி’ என்னும் உவமை அருகிருப்பதால் இக்குறை ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது.

ஆகவே ‘பொருள்’ என்பதை மூலத்திற்கு நெருங்கியதாகவும், ‘ஜெநிப்பிக்கப்பட்டவர்’ என்பதை மூலத்தின் இலக்கணத்திற்கு உண்மையானதாகவும் கொள்ளலாம். சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்த 2025ஐ ஒட்டிப் பொதுப்பாடம் ஒன்றை இரு மரபினரும் எண்ணுவராயின், எந்த ஒரு பாடத்தையும் முழுமையாக ஏற்பதைவிட இவ்விரு சொற்களையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குவது தகும்.