மேகக் கணிமை ஆய்வகத்தில் டாக்கர்: ஒரு விமர்சனம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் மேகக் கணிமை (சிசிஎஸ் 335) ஒரு விருப்பப் பாடம். அதன் ஆய்வகப் பட்டியலின் இறுதியில் டாக்கர் பற்றிய இரண்டு பயிற்சிகள் உள்ளன. முதல் கண்டெய்னரை உருவாக்கி இயக்குவது ஒன்று. டாக்கர் ஹப்பிலிருந்து ஒரு கண்டெய்னரை எடுத்து இயக்குவது மற்றொன்று. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பொறியியல் கல்லூரிகள் நிறைந்துள்ளன. தன்னாட்சி பெற்றவை தமக்கெனப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும். மற்ற கல்லூரிகளில் இந்தப் பாடத்தை எடுக்கும் மாணவர் அதன் ஆய்வகத்தில் கண்டெய்னரைத் தொடுவது இந்த இரு பயிற்சிகள் வழியாகத்தான்.

இரண்டுமே பிறர் கட்டிய படிமத்தை ஓட்டிப் பார்த்து முடித்துவிடக்கூடியவை. 'ஹலோ வேர்ல்ட்' படிமத்தை ஒருமுறை இயக்கினாலே முதல் பயிற்சியைப் பதிவேட்டில் எழுதிவிடலாம். தான் எழுதிய செயலிக்குத் தானே படிமம் கட்டுவதும், அது இன்னொருவர் கணினியில் ஓடும்படி பகிர்வதும் பட்டியலில் தனிப் பயிற்சியாக இல்லை. இந்த விமர்சனம் அந்த விடுபடலைப் பற்றியது.

பின்னணி

டாக்கரை 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் அமெரிக்காவில் நடந்த பைக்கான் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். செயல்களைத் தனித்தனியே பிரித்து வைக்கும் வசதி லினக்ஸ் கருவகத்தில் அதற்கு முன்பே இருந்தது. செயலியையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் ஒரே படிமமாக்கி, எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்க எளிய வழி செய்ததே டாக்கரைப் பரவச் செய்தது. படிமத்தின் வடிவத்துக்குப் பொதுத் தரம் வகுக்க 2015இல் ஓப்பன் கண்டெய்னர் இனிஷியேட்டிவ் தொடங்கப்பட்டது. ஆக, கட்டுவதும் பகிர்வதுமே இந்தத் தொழில்நுட்பத்தின் மையம்.

சேசிஸும் பாடியும்

இதை விளக்க நாமக்கல் வட்டாரத்தில் வெளியூர் உவமை தேவையில்லை. ஆலையிலிருந்து லாரியின் சேசிஸ் மட்டும் வருகிறது. கேபினும் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் அதன்மேல் கட்டப்படுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு தோண்டத் தேவையான கருவிகளோடு வேறு மாநிலங்களுக்குப் போய் வேலை செய்கிறது. படிமமும் இப்படித்தான். பைத்தான் போன்ற அடிப்படைப் படிமம் சேசிஸ். அதன்மேல் நூலகங்கள் ஓர் அடுக்கு, செயலியின் நிரல் இன்னோர் அடுக்கு. எந்த அடுக்கு எந்த வரிசையில் ஏற வேண்டும் என்பதை டாக்கர்ஃபைல் சொல்கிறது. பாடத்திட்டம் மாணவருக்கு ஓட்டக் கற்றுத் தருகிறது, பட்டறைக்குள் அழைத்துச் செல்வதில்லை.

கட்டும்போது தெரியவருபவை

நாமக்கல் மண்டலத்துக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் முட்டை விலையைக் காட்டும் சிறிய வலைச் செயலியை ஒரு மாணவர் ஃபிளாஸ்க்கில் எழுதுவதாகக் கொள்ளலாம். அவரது மடிக்கணினியில் அது ஓடும். அதையே படிமமாக்கி இயக்கினால் முதலில் பக்கம் திறக்காமல் போக வாய்ப்புண்டு. ஃபிளாஸ்க் இயல்பாக 127.0.0.1 முகவரியில் மட்டுமே காதுகொடுக்கும். கண்டெய்னருக்குள் அந்த முகவரி கண்டெய்னரையே குறிக்கும். 0.0.0.0 என்று மாற்றி, போர்ட்டையும் திறந்துவிட்டால்தான் வெளியிலிருந்து அணுக முடியும்.

அடுத்தது நேரம். கண்டெய்னரின் கடிகாரம் வேறு ஏற்பாடு செய்யாதவரை உலகப் பொது நேரத்தைக் காட்டும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். நள்ளிரவு முதல் காலை 5.30 வரை 'இன்றைய விலை' என்ற தலைப்பின்கீழ் நேற்றைய தேதி நிற்கும். நிரலில் பிழை இல்லை. எந்தச் சூழலில் ஓடுகிறது என்பதை நிரலாளர் எண்ணிப் பார்க்காததுதான் பிழை.

மூன்றாவது அளவு. முழுப் பைத்தான் படிமம் வட்டில் ஏறத்தாழ 1 ஜிபி இடம் பிடிக்கும். அதன் 'ஸ்லிம்' வடிவம் அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. நூலகப் பட்டியலை முதலில் நகலெடுத்து நிறுவி, நிரலைக் கடைசியில் சேர்த்தால், ஒரு வரி திருத்தும்போது நூலகங்கள் மறுபடி இறங்க வேண்டியதில்லை. வரிசை மாறினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டும். ஆயத்தப் படிமத்தை ஓட்டிப் பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியவராது.

பகிர்வதில் உள்ள ஆபத்து

பகிரக் கற்பிக்காததன் விலை இன்னும் பெரிது. தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பைத் தவறுதலாகப் படிமத்துக்குள் நகலெடுத்துவிட்டு, அடுத்த கட்டளையில் அழித்தாலும் அது போய்விடாது. முந்தைய அடுக்கில் அப்படியே இருக்கும். அந்தப் படிமம் டாக்கர் ஹப்பில் பொதுவில் வைக்கப்பட்டால் எவரும் அடுக்கைப் பிரித்துப் படிக்கலாம். இத்தகைய கோப்புகளை டாக்கர்இக்னோர் கோப்பில் குறித்து முன்கூட்டியே விலக்குவது முதல் பாடமாக இருக்க வேண்டும்.

'லேட்டஸ்ட்' என்ற அடையாளமும் ஏமாற்றக்கூடியது. பெயர் அப்படி இருந்தாலும் அது புதியதுதான் என்பதற்கு உறுதி இல்லை. வேறு பெயர் தராதபோது ஒட்டப்படும் இயல்புச் சீட்டு அது, அவ்வளவே. பதிப்பு எண் இட்டுப் பகிர்ந்தால்தான் எது ஓடியது, எது ஓடவில்லை என்று பின்னர் சொல்ல முடியும். ஆப்பிளின் ஆர்ம் சில்லு மடிக்கணினியில் இயல்பாகக் கட்டிய படிமம், கல்லூரி ஆய்வகத்தின் இன்டெல் கணினியில் பொதுவாக இயங்காது. எங்கும் ஓடும் என்ற வாக்குறுதிக்கு உள்ள எல்லையை மாணவர் அங்கேதான் காண்பார்.

ஆய்வகக் கணக்கு

இரண்டாவது பயிற்சியிலேயே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 2020 நவம்பரில் டாக்கர் ஹப் பதிவிறக்கத்துக்கு வரம்பு விதித்தது. கணக்கில் நுழையாதவர்களுக்கு ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 பதிவிறக்கம். கல்லூரி ஆய்வகக் கணினிகள் பெரும்பாலும் ஒரே பொது முகவரி வழியாகவே வெளியே செல்லும். 40 மாணவர்கள் ஆளுக்கு 3 படிமம் இறக்கினால் 120. அந்த வரம்பின்படி, கடைசி வரிசைக்குப் பிழைச் செய்திதான் கிடைக்கும்.

தீர்வு கடினமானதல்ல. ஆய்வகத்தின் ஒரு கணினியில் டாக்கரின் 'ரெஜிஸ்ட்ரி' படிமத்தை இடைச்சேமிப்பகமாக இயக்கினால், படிமம் வெளியிலிருந்து ஒருமுறை இறங்கினால் போதும். அதுவும் இல்லையென்றால் 'டாக்கர் சேவ்' கட்டளையால் படிமத்தை ஒரே கோப்பாக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் 'டாக்கர் லோட்' செய்யலாம். இணையம் மெதுவாக உள்ள கல்லூரிக்கு இந்த வழிகளே உதவும்.

மதிப்பீடு

கண்டெய்னரைப் பாடத்தில் சேர்த்தது சரியான முடிவு. அதே பட்டியலில் இடம்பெறும், வழக்கொழிந்த கூகுள் ஆப் என்ஜின் லாஞ்சரோடு ஒப்பிட்டால் டாக்கர் மாணவருக்கு நெடுங்காலம் பயன்படும். ஆசிரியர் முனைந்தால் முதல் பயிற்சிக்குள்ளேயே கட்டுவதையும் சேர்க்கலாம், அதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் ஆசிரியரின் முனைப்பை நம்பியிருக்கும் பயிற்சி எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே தரத்தில் நடக்காது.

வீட்டில் கணினித் துறையினர் எவரும் இல்லாத மாணவர் இவற்றைக் கற்க ஆய்வகத்தைத்தான் நம்பியிருக்கிறார். அங்கே விடுபட்டதை முதல் வேலையில் பிழை செய்துதான் கற்க வேண்டியிருக்கும். எனவே மூன்றாவதாக ஒரு பயிற்சி வேண்டும். மாணவர்கள் இருவர் இருவராகப் பிரிந்து, ஆளுக்கொரு சிறு வலைச் செயலிக்குப் படிமம் கட்டி மாற்றிக்கொள்ளட்டும். கட்டியவர் விசைப்பலகையைத் தொடாமல், மற்றவர் கணினியில் பக்கம் திறந்தால் மதிப்பெண் தரலாம்.