அடுத்தவர் முத்திரையும் நம் கண்களும்

2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்குப் பார்வை திரும்பவில்லை. சிகிச்சைக்குப் பின் இட்ட பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தின் மீது சந்தேகம் விழுந்தது. இந்தியாவில் தயாரான அந்த மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கண் மங்கிய முதியவர்கள் போய்ச் சேரும் இடம் அந்த வைத்தியசாலைதான். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு லென்ஸ், வேறு மருந்து என்று பார்த்து எடுக்கும் வசதி லயத்தில் இருப்பவருக்குக் கிடையாது. அவருக்காகப் பார்த்து எடுக்க வேண்டியது கொழும்பிலுள்ள தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. அந்தச் சபை எதை நம்பி எடுக்கிறது?

சொட்டு மருந்தானாலும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸானாலும், இதயத்தில் பொருத்தும் ஸ்டென்டானாலும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு கொடுப்பது ஒரே சபை. சாதனங்களைப் பொறுத்தவரை, உள்ளூர் முகவர் நீட்டும் கோப்பில் தயாரித்த நாட்டின் விற்பனைச் சான்றும் ஐரோப்பாவின் ‘சீஈ’ முத்திரையும் பெரும் எடை பெறுகின்றன. ஒவ்வொரு சாதனத்தையும் அடி முதல் நுனி வரை ஆராயும் ஆளும் பணமும் சிறு நாட்டிடம் இருக்காது. ஆகவே இரவல் நம்பிக்கையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரவல் கொடுத்தவர்களே கடந்த சில ஆண்டுகளாகத் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தை எடைபோடாமல் நம்முடையதை எடைபோட முடியாது.

பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. 2021 ஜனவரி முதல் ‘யூகேசிஏ’ என்ற சொந்த முத்திரையைக் கொண்டுவந்தது. சீஈ முத்திரை இட்ட சாதனங்கள் 2023 ஜூன் 30 வரை மட்டுமே செல்லும் என்றது. தயாரிப்பாளர்கள் அதை நம்பிச் செலவு செய்தார்கள். பிரித்தானியாவிலிருந்த சான்றளிக்கும் அமைப்புகள் ஐரோப்பியச் சந்தைக்குச் செல்லாக்காசாகிவிட்டதால், பிஎஸ்ஐ நிறுவனம் தன் சீஈ சான்றுகளை நெதர்லாந்துக் கிளைக்கு மாற்றியது. முத்திரைக்குக் கீழே இருந்த 0086 என்ற எண் 2797 ஆனது. பார்க்கச் சிறிய மாற்றம்தான். ஆனால் பெட்டி, உறை, கையேடு எல்லாவற்றையும் மறுபடி அச்சிட வேண்டும். பழைய எண்ணைக் காட்டிப் பதிவு வாங்கிய நாடுகளிலெல்லாம் கோப்பைத் திருத்த வேண்டும். ஐரோப்பாவுக்கு ஒரு பிரதிநிதி, பிரித்தானியாவுக்கு ஒரு பொறுப்பாளர் என்று இரட்டைச் சம்பளம். வட அயர்லாந்தில் ஐரோப்பிய விதியே தொடர்ந்தது. புதிய முத்திரையைக் கொடுக்கத் தகுதி பெற்ற அமைப்புகளோ தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கெடு நெருங்கியதும் அது தள்ளிப்போனது. சீஈ சாதனங்களுக்கு, வகையைப் பொறுத்து, 2028 வரையும் 2030 வரையும் இடம் கிடைத்தது. 2025இல், காலவரையின்றி ஏற்றுக்கொள்ளும் எண்ணத்தையே அந்நாட்டு ஒழுங்குமுறை நிறுவனம் வெளியிட்டது. முடிவு சரியானது என்பதே என் மதிப்பீடு. வந்த வழிதான் தவறு. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் இத்தனை பணம் வீணாகியிருக்காது. சொன்ன திகதியை நம்பி முன்கூட்டியே தயாரானவர் நட்டப்பட்டார். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர் தப்பித்தார். கீழ்ப்படிந்தவரைத் தண்டிக்கும் விதி, அடுத்த முறை யாரும் கீழ்ப்படியாத நிலையை உண்டாக்கும். பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்கும். ஒன்றிரண்டு சாதனங்களை மட்டும் செய்யும் சிறிய பட்டறைகளுக்கு அந்தச் சந்தையை விட்டுவிடுவதே இலாபம்.

சீஈ முத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு வணங்க வேண்டியதில்லை. பிரான்சின் பிஐபி நிறுவனம் மார்பகப் பொருத்திகளில் தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பியது 2010இல் அம்பலமானபோது, அவற்றின் மீது இருந்ததும் இதே முத்திரைதான். அந்த அதிர்ச்சி 2017இன் கடுமையான ஐரோப்பிய ஒழுங்குவிதிக்கு ஒரு முக்கிய காரணம். அதுவும் 2020இல் அமுலாக வேண்டியது, கொரோனாவால் 2021க்குப் போனது. பழைய சான்றுகளுக்கான அவகாசம் பின்னர் 2027, 2028 வரை நீண்டது. பிரித்தானியாவின் குழப்பத்துக்கு நடுவில் ஐரோப்பாவும் அசையாமல் நிற்கவில்லை.

இந்தியாவின் வழி இவ்விரண்டையும்விட நேர்த்தி. 2017இன் மருத்துவ சாதன விதிகளுக்குப் பின், 2020 பெப்ரவரியில் எல்லாச் சாதனங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆபத்துக் குறைந்த இரு வகைகளுக்கு 2022 அக்டோபரிலும், கூடிய இரு வகைகளுக்கு 2023 அக்டோபரிலும் உரிமம் கட்டாயமானது. படிப்படியான இந்தத் திகதிகளை வைத்து ஒரு தொழிற்சாலை திட்டமிட முடியும். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து 1992இல் தொடங்கிய அரோலேப், வெளிநாட்டு லென்ஸ் எட்டாத விலையில் இருந்த காலத்தில் ஏழைக்கு எட்டும் விலையில் தரமான லென்ஸைச் செய்து காட்டியது. தரமும் மலிவும் எதிரிகள் அல்ல என்பதற்கு அது சான்று. ஆனால் நுவரெலியாவுக்கு வந்த சொட்டு மருந்தும் அதே இந்தியாவில் தயாரானதுதான். ஆகவே நாட்டின் பெயரை நம்புவதும் போதாது.

இனி நம் பக்கம். நம் சட்டத்தின் 109ஆம் பிரிவு, உயிர் காக்கவோ கொள்ளைநோயை அடக்கவோ தேசிய அவசர நிலையிலோ குறிப்பிட்ட அளவு பொருளைப் பதிவின்றி இறக்க அனுமதிக்கிறது. பிரிவு நியாயமானது. 2022இல் டொலர் வற்றி, வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்தபோது அது தேவைப்பட்டதை நான் மறுக்கமாட்டேன். நான் எதிர்ப்பது, விதிவிலக்கு வழக்கமாகிப் போனதைத்தான். போலி ஆவணங்களைக் காட்டித் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரசுக்கு விற்கப்பட்டதாக எழுந்த வழக்கில், முன்னர் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆவணத்தையே பொருளாகக் கொள்ளும் முறை எவ்வளவு எளிதில் ஏமாறக்கூடியது என்பதைத் தெரிந்துகொள்ளத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரித்தானியா கெடுவைத் தள்ளிப்போட்டபோதுகூட சீஈ என்ற ஒரு பரிசோதனை பின்னால் இருந்தது. நாம் பதிவைத் தள்ளுபடி செய்தபோது அதன் இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. இதனால்தான் இரண்டு தளர்வுகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்கிறேன்.

இந்த மலைநாட்டுக்கு இது புதிய பாடமல்ல. நானுஓயாப் பக்கத்துத் தொழிற்சாலைத் தேயிலை எவ்வளவு பேர்பெற்ற தோட்டத்தின் பெயரைத் தாங்கினாலும், கொழும்பு ஏலத்தில் பெயரை மட்டும் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, ஊற்றி, சுவைத்துப் பார்த்த பிறகுதான் விலை. ஏற்றுமதியாகும் தேயிலைக்குக் கிடைக்கும் அந்தக் கவனம், அதைப் பறித்தவரின் கண்ணுக்குள் போகும் பொருளுக்குக் கிடைக்காதது அநீதி.

எனவே என் தீர்ப்பு இது: பிறர் முத்திரையை ஏற்பது சரி; ஏற்றதோடு நிறுத்துவது தவறு. எந்தெந்த நாட்டு முத்திரை செல்லும், எந்தத் திகதி வரை செல்லும் என்பதைச் சபை எழுத்தில் வெளியிட வேண்டும். முத்திரை மாறினால் முகவருக்குத் திருத்த அவகாசம் தர வேண்டும். திகதியை மட்டும் மாற்றக் கூடாது. கண்ணிலும் இரத்தத்திலும் சேரும் பொருட்களின் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, தேசிய மருந்துத் தர உறுதிப்பாட்டு ஆய்வுகூடத்தில் சோதித்த பின்பே வைத்தியசாலைகளுக்கு அனுப்ப வேண்டும். 109ஆம் பிரிவில் வந்தவற்றுக்கு இதில் சலுகை கூடாது, அவற்றுக்குத்தான் முதலில் வேண்டும். ஆய்வுகூடத்துக்கு அந்த ஆளும் கருவியும் இல்லையென்றால், அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சு முதலில் கேட்க வேண்டிய பணம் அதுவே.