நகோரோவின் பொம்மைகளும் என் விடைக்குறிப்பும்

உயர்நிலை மூன்று மாணவர்களின் வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்குக் காணொளி தேடியபோது ஃபிரிட்ஸ் ஷூமன் 2014இல் எடுத்த 'பொம்மைப் பள்ளத்தாக்கு' ஆவணப்படம் கண்ணில் பட்டது. ஏறக்குறைய ஆறு நிமிடந்தான். ஒரே பாடவேளையில் இரண்டு முறை போட்டுக் காட்டலாம். பார்த்துவிட்டுப் பேச ஐந்து கேள்விகள் தயாரித்தேன். நான்காவது கேள்வி, 'இந்தப் பெண்மணி ஏன் பொம்மை செய்கிறார்?' விடைக்குறிப்பில் 'தனிமை' என்று ஒரே சொல்லை எழுதி வைத்திருந்தேன்.

அந்த விடை படத்துக்குப் பொருந்தவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ஜப்பானின் ஷிகோகு தீவில், இயா பள்ளத்தாக்கில் நகோரோ என்றொரு மலையூர். பிழைப்பு தேடி இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட, வயதானவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, ஊரில் சில பத்துப் பேரே மிச்சம். அயானோ சுகிமி இளவயதில் ஒசாகாவுக்குக் குடிபோனவர். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வயதான தந்தையைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பினார். தோட்டத்தில் விதை போட்டார், ஒன்றும் வரவில்லை. பறவைகளை விரட்ட ஒரு சோளக்கொல்லைப் பொம்மை செய்து, அதற்குத் தன் தந்தையின் சாயலைக் கொடுத்தார். வழியில் போன அக்கம்பக்கத்தார் அவர்தான் நிற்கிறார் என்று நினைத்து வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு இறந்துபோனவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் என்று வரிசையாகச் செய்யத் தொடங்கினார். படம் எடுத்த சமயத்தில் அவர் செய்து முடித்தவை சுமார் 350.

கவனியுங்கள், முதல் பொம்மை உயிரோடு இருந்த ஒருவருடையது. அதைத் துக்கத்தில் செய்யவில்லை, பறவைக்குப் பயந்து செய்தார். துக்கம் பிறகுதான் அந்த வேலைக்குள் வந்து உட்கார்ந்தது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரும் அவரிடம் 'உங்கள் இழப்பை வெளிப்படுத்த ஒரு பொம்மை செய்யுங்கள்' என்று சொல்லவில்லை. கை ஏற்கெனவே ஒரு வேலையைப் பழகியிருந்தது, மனசு அந்த வேலையைப் பிடித்துக்கொண்டது. செய்தித்தாளைச் சுருட்டி உடம்பாக்கி, பஞ்சை வைத்து முகமாக்கி, பழைய உடுப்பைப் போட்டுவிடுகிறார். உதடுதான் கஷ்டம் என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் அழுகை இல்லை. தையற்காரர் கழுத்துப்பட்டையைப் பற்றிப் பேசுவது மாதிரிப் பேசுகிறார்.

இறந்தவர்களைச் செய்யும்போது அவர்கள் நல்லபடியாக நடமாடிய நாட்களை நினைத்துக்கொள்வதாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ஒரு முதியவரைக் காட்டுகிறார். அவருக்கு அரிசி மது பிடிக்கும், கதை சொல்லப் பிடிக்கும். அவ்வளவுதான். நல்லவர், வல்லவர், ஊருக்கு உழைத்தவர் என்ற பேச்சே இல்லை.

இங்கே எனக்குப் புறநானூற்றின் 235ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலை. ஔவையும் போர்க்களத்தில் தொடங்கவில்லை, கள்ளில்தான் தொடங்குகிறார். கொஞ்சமாகக் கிடைத்தால் யார் குடிப்பது, நிறையக் கிடைத்தால் எப்படிக் குடிப்பது என்ற சின்னப் பழக்கத்தில். இழந்தவருக்கு முதலில் வருவது அதுதான் போலும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஔவை 'மன்' என்ற இடைச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். கழிந்துபோயிற்று என்ற பொருள் தரும் மன். அந்த ஒரு அசையில் கதவு மூடிவிடுகிறது. பொம்மைக்கு இறந்தகாலம் கிடையாது. அந்த முதியவர் இன்னமும் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் எவ்வளவு நாளைக்கு? வெளியில் வைத்த பொம்மை மழையிலும் வெயிலிலும் சுமார் மூன்றாண்டு தாங்கும். அப்புறம் நைந்துபோகும். மறுபடி செய்ய வேண்டும். சுகிமியின் வேலையைச் சடங்கு என்று நான் சொல்வது இதனால்தான். நம் புளோக் கீழ்த்தளத்தில் சீனர் இறுதிச்சடங்கு நடக்கும்போது தாளில் செய்த வேலையாட்களை வைத்து எரிப்பதை மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். அது அனுப்பிவைக்கும் பொம்மை, ஒரு தடவையோடு முடிகிறது. நமக்கும் பதினாறாம் நாள் கருமாதி உண்டு, மேசை நாற்காலியை மடக்கிவிட்டால் மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம். நகோரோவில் முடிவு நாள் என்று ஒன்று குறிக்கப்படவில்லை.

வகுப்பில் படம் ஓடியபோது பாதிப்பேர் "பயமா இருக்கு டீச்சர்" என்றார்கள். மீதிப்பேர் 'தனிமை' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒரு மாணவி மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவங்களுக்கு வேலை இருக்கு டீச்சர். எங்க பாட்டி செத்ததுக்கு அப்புறம் எங்க அம்மாவுக்குத்தான் வேலையே இல்ல" என்றாள். மூன்று வருஷமாகப் பாட்டிக்கு மருந்து, கஞ்சி, படுக்கை என்று ஓடிய அம்மா, இப்போது காலை ஐந்து மணிக்கு எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பாராம். என் விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை. சுகிமியும் தந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்துப் பழகிய கை சும்மா இருக்காது.

படத்தில் குறையும் உண்டு. முழுக்க ஒரே குரல், அவருடையது. தன் முகத்தோடு ஒரு பொம்மை பேருந்து நிறுத்தத்தில் இருப்பதைப் பக்கத்து வீட்டார் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? இறந்தவரின் மகனுக்கு அது ஆறுதலா, தொந்தரவா? ஒருவரின் துக்கப்பொருள் ஊரின் பொது இடத்தில் இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது. படம் கேட்கவில்லை. 2012இல் மூடப்பட்ட பள்ளிக்கூடக் காட்சியிலும் அவசரம் தெரிகிறது. கடைசி இரு மாணவர்கள் தங்களைப் போலவே பொம்மை செய்து, தங்கள் உடுப்பையே போட்டு விட்டுச் சென்றார்கள். அவர்கள் சாகவில்லை, மாற்றலாகிப் போனார்கள். இறப்பும் பெயர்வும் ஒன்றல்ல. கேமரா இரண்டையும் ஒரே பார்வையால் தடவிக்கொண்டு போகிறது. தமிழில் 'பிரிவு' என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்கும் என்பதால் நம் மாணவர்களும் கட்டுரையில் இந்த இடத்தில் குழம்புவார்கள். பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

தேர்வெழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கருத்துரைக்கும்போது 'சோகமாக இருந்தது' என்று நிறுத்தாதீர்கள். எந்தக் காட்சி, அங்கே கை என்ன செய்கிறது, என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று போங்கள். உதட்டைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினாலே தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

படத்தைப் பார்த்துவிட்டு வகுப்பில் எல்லாரையும் பொம்மை செய்ய வைக்கலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நான் செய்யவில்லை. அண்மையில் யாரை இழந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது, நாற்பது நிமிடத்தில் ஒட்டி முடித்து மதிப்பெண் போடும் காரியமும் அல்ல.

நான்காவது கேள்வியை இந்த ஆண்டு மாற்றிவிட்டேன். 'முதல் பொம்மைக்கும் அடுத்து வந்த பொம்மைகளுக்கும் என்ன வேறுபாடு?' விடைக்குறிப்பை இன்னும் எழுதவில்லை.