குடும்பத்தினருக்கு மட்டும்

2023 மே மாதம், துபாய் அல் குசைஸில் ஒரு மலையாளி டீக்கடை வாசலில் நின்றுகொண்டு நானும் தங்கையும் கைபேசியில் வாடகை விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒரே வார்ப்பு. ஒரு பெட்ரூம், ஹால், ரெண்டு பாத்ரூம், பால்கனி, சென்ட்ரல் ஏசி, நாலு செக். கடைசியில் கட்டாயமாக ஒரு வரி: ஃபேமிலி ஒன்லி. இருபது வருடமாகத் தமிழ் இலக்கியம் நடத்துகிறவளுக்கு ஒரு வியாதி உண்டு. திரும்பத் திரும்ப வரும் சொல்லைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவேன். அன்று வீடு பார்க்கப் போனவள் ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு திரும்பினேன்.

தங்கை செவிலியர். பிப்ரவரியில் தனியாக வந்து சேர்ந்து, மருத்துவமனை கொடுத்த அறையில் வேறு மூன்று பெண்களோடு தங்கியிருந்தாள். பெண் பிள்ளைகள் இரண்டும் பாளையங்கோட்டையில் அம்மாவிடம். மூத்தவளுக்குப் பதிமூன்று, இளையவளுக்கு எட்டு. கணவர் பள்ளி ஆசிரியர், பணிக்காலம் இன்னும் இருக்கிறது, இப்போதைக்கு வர முடியாது. கோடை முடிந்து பள்ளி திறப்பதற்குள் ஒரு வீடு பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும் என்பது அவள் திட்டம். எனக்குக் கல்லூரி விடுமுறை. துணைக்குப் போனேன்.

முதல் ஏஜென்ட் போனில் கேட்ட முதல் கேள்வி: "ஃபேமிலியா, பேச்சிலரா?"

ஃபேமிலி என்றாள். "சார் எங்கே வேலை?" சார் ஊரில் இருக்கிறார் என்றாள். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்போ லேடி பேச்சிலர் மேடம். நான் வேறே பில்டிங் பார்த்துச் சொல்றேன்." அவர் சொல்லவே இல்லை.

பதினைந்து வருடம் திருமணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள் ஒரு தொலைபேசி உரையாடலில் பிரம்மசாரி ஆகிவிட்டாள். சிரிப்பு வந்தது. நாலைந்து பேர் அதே கேள்வியைக் கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வளைகுடாத் தமிழில் பேச்சிலர் என்றால் மணமாகாதவன் என்று பொருளில்லை. கீழக்கரையில் பேரன் பேத்தி எடுத்த ஐம்பத்தைந்து வயதுக்காரரும் தேராவில் பேச்சிலர்தான். மனைவி அங்கே இல்லை, அவ்வளவே. மனைவி ஏன் அங்கே இல்லை என்று கேட்டால் சொல்லின் உண்மையான பொருள் வெளியே வரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துவர மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். 2019 வரை எந்தெந்தத் தொழில் செய்கிறவர் குடும்பத்தைக் கொண்டுவரலாம் என்பதற்கும் கணக்கு இருந்தது. அந்த ஆண்டுதான் தொழிலை விட்டு வருமானத்தை மட்டும் பார்க்கும்படி மாற்றினார்கள். ஆகவே 2,000 திர்ஹாம் வாங்கும் கொத்தனார் எத்தனை பிள்ளை பெற்றாலும் பேச்சிலர். ஃபேமிலி என்பதை உறவைக் குறிக்கும் பெயர்ச்சொல் என்று நினைத்திருந்தேன். அது ஒரு சம்பளப் படிநிலை.

அப்படிப் பார்த்தால் 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்ற வரி என்ன சொல்கிறது? குறைந்த கூலிக்காரர்கள் இந்தக் கட்டடத்தில் இல்லை என்கிறது. அதை அப்படியே எழுத யாருக்கும் மனம் வராது. அதற்காக ஒரு பெண்ணை முன்னால் நிறுத்துகிறார்கள். இங்கே பெண்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள், ஆகவே ஆண்கள் கூட்டமாகத் தங்கக் கூடாது. ஷார்ஜாவில் குடும்பப் பகுதிகளில் தங்கியிருந்த 'பேச்சிலர்'களை நகராட்சி வெளியேற்றியபோதும் காரணம் இதுதான். பெண்ணின் பாதுகாப்பு என்ற பெயரில் ஏழை ஆண் வெளியேற்றப்படுகிறான். அதே பாதுகாப்பு வேண்டி ஒரு பெண் தன் சம்பளத்தில், தன் பெயரில் வீடு கேட்டு வந்தால் அவளும் வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறாள். பெண்ணுக்காக என்று எழுதிய விதியில் பெண்ணுக்குள்ள இடம் ஆணின் பின்னால் நிற்கும் இடம் மட்டுமே.

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு சின்ன நூற்பா உண்டு. கடல் கடந்து போகும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்பது அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள். முந்நீர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது என்பதில் உரை வேறுபாடு இருக்கிறது. அதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். இப்போது பெண்கள் விமானத்தில் போகிறார்களே அம்மா என்பார்கள். நானும் அது பழைய கதை என்ற தோரணையில்தான் நடத்திவந்தேன். பொருள்வயின் பிரிவு என்றால் பொருள் தேடப் போகிறவன் தலைவன், வீட்டிலிருந்து நாள் எண்ணுகிறவள் தலைவி. வளைகுடா எழுத்திலும் இந்த வார்ப்பு மாறவில்லை. பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' 2008இல் மலையாளத்தில் வந்து தமிழ் உட்படப் பல மொழிகளுக்குப் போய், பிறகு திரைப்படமும் ஆனது. நல்ல நாவல்தான். பாலைவனத்தில் தொலைந்துபோவது ஆண், ஊரில் கர்ப்பிணியாகக் காத்திருப்பது மனைவி. பொருள்வயின் பிரிந்த தலைவிக்கு நம் மரபில் துறை இல்லை. துறை இல்லாததால் அவளுக்கு வீடும் இல்லை என்று அன்று டீக்கடையில் நின்று நான் நினைத்துக்கொண்டது கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த ஏஜென்ட் கைபேசியில் பேசாமல் இருந்த நேரத்தில் நூற்பா எனக்குக் கேட்டது உண்மை.

காகித விவகாரத்துக்கு வருகிறேன். நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். பிள்ளைகளுக்கு விசா எடுக்க வேண்டுமென்றால் பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். ஃபேமிலி கட்டடத்தில் வீடு வேண்டுமென்றால் குடும்ப விசாவைக் காட்டச் சொல்கிறார்கள். முட்டையா கோழியா கதை. அம்மா பிள்ளைகளுக்கு விசா எடுக்கும்போது அப்பாவின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். அப்பா எடுக்கும்போது அம்மாவிடம் அப்படிக் கேட்பதில்லை. தங்கை கணவர் நல்ல மனிதர். ஒரே நாளில் நோட்டரியிடம் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நல்ல மனிதராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தங்கையிடம் கேட்டேன். "அப்படிப்பட்டவகளும் எங்க வார்டுல இருக்காக அக்கா. பிள்ளைய வீடியோ கால்ல வளக்காக" என்றாள்.

பணக்கணக்கையும் எழுதிவிடுகிறேன், நம் கட்டுரைகளில் இது வருவதில்லை. கடைசியில் கிடைத்த வீட்டுக்கு ஆண்டு வாடகை 52,000 திர்ஹாம், நாலு செக். முதல் செக் 13,000. ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதம், 2,600. வீட்டுக்காரருக்கு முன்பணமும் 5 சதவீதம், இன்னொரு 2,600. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு வைப்புத்தொகை 2,000. ஒப்பந்தப் பதிவுக்கு ஏறக்குறைய 220. சாவி கைக்கு வருவதற்குள் இருபதாயிரம் திர்ஹாமுக்கு மேல், அன்றைய மதிப்பில் நாலரை லட்சம் ரூபாய். இது போக வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக் கட்டணமாக மாதாமாதம் மின்கட்டணச் சீட்டோடு சேர்ந்து வரும். பின்தேதியிட்ட மற்ற மூன்று செக்கையும் அன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பணமில்லாமல் செக் திரும்பினால் சிறை என்று ஊரில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். 2022 ஜனவரி முதல் அந்தச் சட்டம் பெருமளவு தளர்ந்துவிட்டது. பயம் தளரவில்லை. தங்கை தன் வளையலையும் ஆரத்தையும் ஊரில் அடகு வைத்தாள். கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட நகை. கணவன் வீட்டுக்குப் போகப் போட்டது, தன் வீட்டுக்குப் போகப் பயன்பட்டது.

இதற்கு நடுவில் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்றையும் பார்த்தோம். இன்னொரு செவிலியரோடு பகிர்ந்து எடுக்கலாமா என்று ஒரு யோசனை. ஏஜென்ட் பையன் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டிவிட்டுச் சமையலறையை ஒட்டி இருந்த சின்னக் கதவைத் திறந்து, "மெய்ட் ரூம்" என்றான். ஜன்னல் இல்லை. உள்ளேயே ஒரு கழிப்பறை, அதன் மேலேயே ஷவர். வாஷிங் மெஷின் வைக்கும் இடமும் அதற்குள்தான். கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. தங்கை உள்ளே போய் அளவு பார்த்தாள். "பெரியவளுக்குப் படிக்க இதை ஒதுக்கிரலாம்க்கா" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெளியே லிஃப்டுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. நம் பிள்ளை நாளுக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க என்று யோசித்த இடத்தில், வரைபடம் போட்டவர் ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் படுக்கவைத்திருக்கிறார்.

அந்தப் பெண் ஃபேமிலியா, பேச்சிலரா? அவளிடம் யாரும் கேட்பதில்லை. வீட்டுவேலைக்கு ஆள் அமர்த்தக் குடும்ப வருமானம் மாதம் 25,000 திர்ஹாம் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஆக அவளும் இன்னொரு குடும்பத்தின் சம்பளப் படிநிலைக்கு அடையாளம். அவளுக்கென்று உள்ள குடும்பத்தைப் பற்றிய கேள்வியெல்லாம் புறப்படும் இடத்திலேயே கேட்டு முடிக்கப்படுகிறது. இலங்கை அரசு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வீட்டுவேலைக்கு வெளிநாடு போக நினைக்கும் பெண், தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அதிகாரிகள் முன் நிரூபிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போகவே முடியாது. 2022இல், பொருளாதாரம் சரிந்து அந்நியச் செலாவணிக்கு நாடே தவித்தபோது அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. மூன்று வருடத் தாய்மையை டாலர் நெருக்கடி ஒரே முடிவில் கரைத்துவிட்டது. ஆணுக்கு அப்படி ஓர் அறிக்கை இல்லை. நம் நாட்டிலும் வீட்டுவேலைக்கு வளைகுடா போகும் பெண்ணுக்கு முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும்.

புறப்படும்போது குடும்பத்தைக் காட்டு என்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் குடும்பத்தை மறந்துவிடு என்கிறார்கள். தங்கைக்கு அடி ஒரு பக்கம் மட்டும்தான். அவளிடம் பட்டம் இருக்கிறது, எட்டு மணி நேரப் பணி இருக்கிறது, பேரம் பேச ஆங்கிலம் இருக்கிறது, கூட வர அக்கா இருக்கிறாள். இதைச் சொல்லாமல் எங்கள் அலைச்சலை மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரையும் ஒரு ஃபேமிலி ஒன்லி கட்டுரையாகிவிடும்.

துபாயைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவள் சென்னையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்த காலத்தில் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் வீடு தேடி அலைந்திருக்கிறேன். டூ-லெட் பலகையில் ஃபேமிலி ஒன்லி என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் வாயால் மீதியைக் கேட்பார்கள். என்ன ஆளுங்க, கவிச்சி சாப்பிடுவீங்களா, யாராச்சும் வந்து போவாங்களா. துபாயில் சம்பளம் செய்யும் வேலையைச் சென்னையில் சாதி செய்கிறது. இரண்டு ஊரிலும் காவலுக்கு நிற்பது குடும்பம் என்ற ஒரே சொல். துபாயில் ஏஜென்ட் கேட்ட கேள்வி எனக்கு வலித்ததற்குக் காரணம் அது புதிதாக இருந்தது இல்லை, பழகியதாக இருந்ததுதான்.

ஒன்பதாவதாகப் பார்த்த வீடு கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதில் எனக்குப் பெருமை இல்லை. ஏஜென்ட் ஒரு யோசனை சொன்னார்: சாரின் பாஸ்போர்ட் நகலையும் திருமணச் சான்றிதழையும் அனுப்புங்கள், சார் அடுத்த மாதம் வருகிறார் என்று வீட்டுக்காரரிடம் நான் சொல்லிவிடுகிறேன். தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணிய மேடைகளில் எத்தனையோ பேசியிருக்கிறேன். பள்ளி திறக்க அதிக நாளில்லை. அனுப்பினோம்.

துபாயில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யும் முறைக்கு இஜாரி என்று பெயர். அரபியில் 'என் வாடகை' என்று பொருள். ஒப்பந்தத்தில் தங்கையின் பெயர் இருந்தது, செக்கில் அவள் கையெழுத்து இருந்தது. குடியிருப்போர் பட்டியலில் முதல் பெயராக, அந்த வீட்டை இன்றுவரை பார்த்திராத அவள் கணவர் இருந்தார்.

சாவி வாங்கிய அன்று கட்டடத்தின் வாட்ச்மேன் பதிவேட்டை எடுத்தார். பெஷாவர் பக்கத்துக்காரர். அறை எண், பெயர், கார் உண்டா என்று கேட்டு எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் ஃபேமிலி என்று போட்டார். உங்கள் குடும்பம் எங்கே என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். ஊரில், நாலு பிள்ளைகள், கடைசிப் பெண்ணைப் பார்த்து மூன்று வருடமாகிறது என்றார். இங்கே எங்கே தங்குகிறீர்கள் என்றதற்குக் கார் நிறுத்தும் தளத்தைக் காட்டினார். பம்ப் அறைக்குப் பக்கத்தில் ஒரு அறை, மூன்று பேர்.

பிறகு லிஃப்டைத் திறந்து பிடித்துக்கொண்டு தங்கையிடம் கேட்டார், சார் எப்போது வருகிறார் என்று.

"அடுத்த மாசம்" என்றாள்.