தலைவனா, பக்கவாத்தியமா?

வாத்தியக் குழுவை நடத்துகிறவரைப் பிரெஞ்சு பாஷையில் 'ஷெஃப்' என்பார்கள். தலைவன் என்று அர்த்தம். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லும்போதே குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். நம் கச்சேரி மேடையில் இப்படி ஓர் ஆசாமிக்கு இடமே கிடையாது. கையில் வாத்தியமில்லை, வாயில் பாட்டில்லை, நூறு பேர் வாசிக்க, இவர் கோலை அசைக்கிறார். இவருடைய வித்வத்தை எதைக் கொண்டு அளப்பது? ஸுபின் மேத்தா விஷயத்தில் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. 'நம்மவர்' என்று பெருமைப்படுவதோடு சரி.

பெருமைக்குக் காரணம் உண்டு. 1936-ல் பம்பாயில் பிறந்த பார்ஸி. தகப்பனார் மெஹ்லி மேத்தா அங்கே சிம்பொனிக் குழுவை நிறுவியவர். பிள்ளை வைத்தியப் படிப்பை விட்டுவிட்டு, 1954-ல் வியன்னாவுக்குப் போய் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்றார். 1958-ல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு. பிறகு மாண்ட்ரியால், லாஸ் ஏஞ்சல்ஸ். 1978 முதல் 1991 வரை நியூயார்க். ஆனால் பதவிகளின் ஜாபிதா சங்கீதம் ஆகிவிடாது.

அவருடைய சத்து ஆப்ராவில் இருக்கிறது என்பது என் கட்சி. 1922-ல் எங்கள் ஊரில் காலமான சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் போல, ஆப்ராவிலும் கதையைப் பாட்டுத்தான் இழுத்துச் செல்லும். பாடகி மேடையில், நடத்துகிறவர் கீழே பள்ளத்தில். அவள் மூச்சு ஒரு நாள் நீளும், ஒரு நாள் குறையும். அதைக் கண்டுகொண்டு அத்தனை வாத்தியங்களையும் நிறுத்திப் பிடிக்க வேண்டும். நல்ல மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து வாசிக்கிறாரே, அந்த வித்தைதான். 1972-ல் மேத்தா பதிவு செய்த புச்சினியின் 'துராந்தோ'வைக் கேளுங்கள். ராஜகுமாரியாக ஜோன் ஸதர்லாண்ட். மேடையில் அவர் நடித்தறியாத வேஷம் அது. கூட்டம் ஆர்ப்பரிக்கும் இடங்களில் வாத்தியங்கள் இடிபோல் முழங்குகின்றன. அடிமைப்பெண் லியூவாக மோன்ஸெராத் கபாயே பாடத் தொடங்கியதும் அத்தனையும் இழையாக ஒடுங்கிவிடுகிறது. அந்த அடக்கம் அதிகாரத்தால் மட்டும் வருவதல்ல.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். இவருக்கு ஆடம்பரத்தில் ஒரு சபலம் உண்டு. 1990-ல் ரோமாபுரியின் பழைய ஸ்நான மண்டபச் சிதிலங்களில் மூன்று பிரபல பாடகர்கள் சேர்ந்து பாடிய கச்சேரியை நடத்தினார். ஜனங்கள் சொக்கிப்போனார்கள், உலகமெங்கும் இசைத்தட்டு விற்றது. அங்கே பாடகர்கள் போன வழியெல்லாம் குழுவும் போயிற்று. பக்கவாத்தியம் வேறு, பின்பாட்டு வேறு. பக்கவாத்தியத்துக்குத் தனக்கென்று ஒரு புத்தி உண்டு.

அந்தப் புத்தி, 1981-ல் ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கான்செர்ட்டோவை நியூயார்க் குழுவோடு நடத்தியபோது வேலை செய்தது. ஏட்டைப் பார்த்து வாசிக்கிறவர்களை, ராகத்தில் ஊறிய ஒரு வித்வானோடு இணைப்பது லேசான காரியமா?

கடற்கோள் நம் கரையை விழுங்கி ஒரு வருஷம் நிறைந்த 2005 டிசம்பர் 26 அன்று, சென்னை மியூஸிக் அகாடமியில் அவர் கச்சேரி நடத்தினார். அழைத்து வந்தது மியூனிக் நகரத்து ஆப்ராக் குழுவை. பாடுகிறவர்களின் மூச்சைப் பார்த்தே பழகியவர்களை. நடத்துகிறவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்பது சம்பிரதாயம். அவமரியாதை இல்லை, அவர் பார்க்கவேண்டிய முகங்கள் எதிர்ப்பக்கம் இருக்கின்றன.

அவரை நம்மவர் என்று சொல்லப் பிறந்த ஊர் ஒன்றே போதாது. லியூ பாடும் இடத்தில் அந்தக் குழு ஒடுங்குவதை ஒரு தரம் கேட்டுவிட்டுச் சொல்லலாம்.